இடது காலில் பசை, வலது காலில் தையல்

நான் வேலை பார்த்து ரிட்டயரான கம்பெனியில் போன மாதம் ஒரு கால் வாங்கியிருக்கிறார்கள். இரும்புக் கால். முழங்காலுக்கு மேலே ஒன்றும் கிடையாது, கீழே ஒரு ஷூ மட்டும். கண்ணாடி அறைக்குள் ஏசியில் நின்றபடி, சுவிட்சைப் போட்டால் ஓடுகிற பட்டையின் மேல் டக் டக் என்று மிதித்துக்கொண்டே இருக்கிறது. டீ கேட்காது, லீவு கேட்காது, வெயிலைத் திட்டாது. அதைத் தொடங்கி வைக்கும் விழாவுக்கு என்னையும் என் மனைவி கஸ்தூரியையும் அழைத்திருந்தார்கள். அந்தக் கால் வருவதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு இருந்த கால் என்னுடையது. அந்த மரியாதைக்காகக் கூப்பிட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷூ தயாரிக்கிற கம்பெனி அது. பெயர் வேண்டாம். புது ஷூவை மாட்டிக்கொண்டு அது பல்லைக் காட்டுகிற வரைக்கும் நடப்பதுதான் என் வேலை. அடையாள அட்டையில் 'வேர் டெஸ்டர்' என்று இருக்கும். கம்பெனிக்குள் என் பெயர் 'நடை' ஏழுமலை. எனக்குப் பெண் கேட்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனபோது கஸ்தூரியின் அப்பா, "மாப்ள இன்னா வேல பாக்கறாரு?" என்று கேட்டார்.

"நடக்கறாரு" என்றார் என் பெரியப்பா.

"எதுவரிக்கும்?"

"எங்கியும் போவ மாட்டாரு. அங்கியேதான் நடப்பாரு."

மாமனாருக்கு அது போதும். எங்கேயும் ஓடிப்போகிற ஆள் இல்லை என்ற ஒரே திருப்தியில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் எனக்காக சிமென்டில் ஒரு மேடு கட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஏறுகிற பக்கம் ஜல்லி, உச்சியில் ஒரு கருங்கல் பலகை, இறங்குகிற பக்கம் ஆற்றுக் கூழாங்கல், அடியில் கணுக்கால் நனைகிற மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி. கம்பெனியின் விளம்பரத் தாளில் இதற்கு 'மலைப்பாதைச் சோதனைக் களம்' என்று பெயர். அதன் உச்சியில் நின்றால் பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியும். என் பணிக்காலம் முழுக்க நான் ஏறிய மலை அதுதான். ஏறுவேன், குழம்பைப் பார்ப்பேன், இறங்குவேன்.

எனக்கு முன்னால் நடந்தவர் ஒரு மழைக்காலம் முழுக்க என்னைப் பின்னாலேயே நடக்கவிட்டுத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் தொழிலில் ஒரே ஜோடியை இரண்டு காலிலும் போட்டுக்கொண்டு நடப்பது பெரிய பாவம். புது மாடலை ஒரு காலிலும் பழைய மாடலை இன்னொரு காலிலும் போட வேண்டும். ஆள் ஒன்று, எடை ஒன்று, வெயில் ஒன்று, மிதிக்கிற கல் ஒன்று. அப்போதுதான் எது தேவலை என்று சண்டையில்லாமல் தெரியும். மறுநாள் கால் மாற்றிப் போட வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி கிடக்கும். ஷூவைக் கழற்றியதும் அதைப் பார்த்துவிடக் கூடாது. முதலில் காலைப் பார்க்க வேண்டும், எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கன்றியிருக்கிறது என்று. பிறகுதான் ஷூவை எடுத்து, அடியில் இருக்கிற சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்து, மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்ப்பது கேவலம் என்று நினைப்பவர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். பசை விடப்போகிறது என்றால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேறு வேறு செருப்பைப் போடாவிட்டால் எனக்கு நடையே வராது. இதில் ஒரு லாபம் உண்டு. எந்தக் கோயில் வாசலிலும் என் செருப்பு மட்டும் திருட்டுப் போனதில்லை.

எங்கள் மேனேஜர் வரதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷூ கம்பெனி மேனேஜர் அவர், ஆனால் அவர் நடந்து நான் பார்த்தது அபூர்வம். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு உருண்டு போவார். காலில் ஆணி. மேஜைக்கு அடியில் ரப்பர் செருப்பு போட்டிருப்பார். ஷூவைக் கையால் தொட மாட்டார், பேனா முனையால் குத்திக் காட்டுவார். எந்தக் கெட்ட செய்தியைக் கொண்டு போனாலும், "ஏழுமலை, பாசிடிவா யோசிங்க" என்பார். ஒரு தடவை குதிகாலில் ஆணி ஏறி ரத்தம் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன். "பரவாயில்லையே, ஆணி அவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். குணத்தில் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வலி என்பது எப்போதும் அடுத்தவர் காலில் இருக்கிற விஷயம் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

ஒருநாள் அவர் என்னை நோக்கி உருண்டு வந்தார். மேஜை மேல் ஒரு புது ஷூ இருந்தது. வெளிநாட்டுப் பசை போட்டு ஒட்டியது, சோலைச் சுற்றி ஒரு தையல்கூட இல்லை. 'தையலே இல்லாத மலை ஷூ' என்று விளம்பரத்துக்குப் பெயரே வைத்தாயிற்று.

"உங்க பேர்லயே ஏழு மலை இருக்கு. ஒரே ஒரு மலை ஏறிட்டு வந்துடுங்க. நிஜ மலை. காலைல ஏறி சாயங்காலம் இறங்கிடலாம். உச்சியில ஷூவோட ஒரு போட்டோ. மலையில பாஸ் ஆயிட்டா, தையல் செக்‌ஷன் நமக்குத் தேவையே இல்லை. அந்த லேடீஸ் எல்லாரையும் ஃப்ரீ பண்ணிடலாம்."

'ஃப்ரீ பண்ணிடலாம்' என்று அவர் சொன்ன விதத்தில், ஏதோ ஜெயிலிலிருந்து விடுதலை செய்கிற மாதிரி இருந்தது. தையல் பிரிவில் ஒன்பது பெண்கள். வெள்ளானூரிலிருந்தும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்தும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி கஸ்தூரி. கல்யாணமாகி வந்த பிறகு நான்தான் சேர்த்துவிட்டேன்.

"சார், அதுல என் சம்சாரமும் இருக்கா" என்றேன்.

"தெரியுமே! அதனாலதான் உங்களை அனுப்பறேன். நீங்களே பாஸ்னு சொல்லிட்டா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க. பாசிடிவா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு உருண்டார்.

அன்றைக்கு வீட்டில் கஸ்தூரி சமைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்த காலம். பெரியவள் அப்போதுதான் காலேஜில் கால் வைத்திருந்தாள். ஒருத்தர் சம்பாத்தியத்தில் அது நடக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மாமா, மலைல யாரு பாக்கப் போறா? ஒரு கல்லுல வெச்சி நாலு இழு இழுத்துட்டு வா. பிரிஞ்சிட்சின்னு சொல்லு."

"அது மட்டும் முடியாது கஸ்தூரி."

"ஏன் முடியாது? நீ இன்னா ஜட்ஜா?"

ஜட்ஜ் இல்லை. ஒரு சிமென்ட் மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்த கழுதைதான். ஆனால் ஒரு சுற்றில்கூட ஏமாற்றாமல் சுற்றிய கழுதை. எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான், அதையும் போட்டுவிட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு அடியே விழுந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒன்பது பேரும் மாங்காட்டுக்குப் போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தார்கள். குழந்தை வேண்டும், மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டுப் பழகிய அம்மன், பசை பிரிய வேண்டும் என்று ஒரு வேண்டுதலை அன்றைக்குத்தான் கேட்டிருப்பாள்.

நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். எஸ்டேட்காரர்களிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். கம்பெனி என்னோடு இரண்டு பேரை அனுப்புவதாக ஏற்பாடு. ஒருவர் மலையேற்ற நிபுணர், இன்னொருவர் பிரவீன் என்ற போட்டோகிராபர். நிபுணருக்குக் கடைசி நேரத்தில் சொந்தத்தில் கல்யாணம் வந்துவிட்டது. பிரவீன் வேனில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அவருடைய முகம் வெளுத்தது. பாதி வளைவுகளில் வேனை நிறுத்தி வாந்தி எடுத்தார், மீதி வளைவுகளில் நிறுத்த நேரமில்லை. மறுநாள் காலை லாட்ஜில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து என் போனைக் கேட்டது. டைமர் வைத்துத் தன்னைத்தானே போட்டோ எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது.

"அண்ணா, நீங்க இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிடுங்க. அங்க ரோட்டுல நான் வேனோட நிக்கறேன். சத்தியமா நிக்கறேன்."

வரதன் சாருக்கு போன் செய்தேன். "தனியாவே போங்க. தனியா போனாத்தான் அட்வென்ச்சர்" என்றார். பின்னால் நாற்காலி உருளுகிற சத்தம் கேட்டது.

புறப்படும்போது இரண்டு காலிலும் புது ஷூவைத்தான் போடச் சொல்லியிருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். நான்கு அடி நடந்ததும் உடம்பெல்லாம் கூசியது. எதோடு ஒப்பிடுவது? யாரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது? வலது காலில் இருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கையோடு கொண்டு போயிருந்த பழைய தையல் ஷூவை மாட்டினேன். இடது காலில் பசை, வலது காலில் தையல். இனி மலையாவது ஒன்றாவது என்று நிம்மதியாக இருந்தது. நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

எஸ்டேட் கேட்டில் இருந்த வாட்ச்மேன் உற்றுப் பார்க்கிற ஆள். "என்னண்ணே, இருட்டுல மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லண்ணே, வேலையே இதுதான்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மெட்ராஸ்காரர்களுக்கு என்னென்னவோ வேலை இருக்கும் என்று விட்டுவிட்டார். வழியை மட்டும் சொன்னார். "தேயிலை முடிஞ்சா சோலைக்காடு. அப்புறம் புல்லு. அப்புறம் வழுக்குப்பாறை ஒண்ணு, பாத்துப் போங்க. அதுக்கு மேல சூலம் நட்டிருக்கும், அதான் உச்சி. சூலத்தத் தாண்டிட்டா அந்தப் பக்கம் எறக்கம், ஓடை, ரோடு. பாறையில மட்டும் திரும்பி எறங்கிடாதீங்க. ஏறிடலாம், எறங்க முடியாது."

ஏற ஆரம்பித்தேன். இரண்டு ஆள் உயரம் ஏறியதும் என் கால் தானாக நின்றது. இறக்கம் எங்கே என்று தேடியது. பிழைப்பு முழுக்க அவ்வளவு உயரம் ஏறினால் உடனே இறங்கிப் பழகிய கால். இந்த மலையோ ஏறிக்கொண்டே போயிற்று. தேயிலைப் பாத்தி முடிவதற்குள் மூச்சு வாய் வழியாக வந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே, கேன்டீன் வாசனை எங்கே என்று உடம்பு ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் ஏறினேன்.

சோலைக்காட்டுக்குள் வெளிச்சமே இல்லை. வேர்களெல்லாம் ஈரமாக, நடுவழியில் படுத்துக் கிடந்தன. கொஞ்ச தூரத்தில் இடது கணுக்காலில் பிசுபிசுவென்று இருந்தது. உட்கார்ந்து, முறைப்படி ஷூவைப் பார்க்காமல் காலைப் பார்த்தேன். சாக்ஸ் முழுக்க ரத்தம். 'கணுக்கால் ஓரம் கடுமையாக அறுக்கிறது, வடிவத்தை மாற்ற வேண்டும்' என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். வலது சாக்ஸையும் இறக்கினேன். அங்கேயும் ரத்தம். அதற்குள் மூன்று அட்டைகள் உப்பிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஷூவின் மேல் அபாண்டமாகப் பழி போட இருந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்து ஓட்டமும் நடையுமாகக் காட்டை விட்டு வெளியே வந்தேன்.

வெளியே புல்வெளி. வானத்தைத் தவிர மேலே எதுவும் இல்லை. பாதை ஒற்றையடியாக மலையின் முதுகின் மேலேயே போயிற்று, இரண்டு பக்கமும் சரிவு. அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இங்கே யாருமே இல்லை. நான் என்ன செய்தாலும் கேட்க நாதியில்லை. இடது காலைக் கூர்க்கல்லில் வைத்து நாலு இழு இழுத்தால் ஒன்பது குடும்பம் பிழைக்கும். கஸ்தூரியின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. அந்த பயத்தில் நான் நேர் எதிராக நடக்க ஆரம்பித்தேன். இடது காலுக்கு வழவழப்பான இடமாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன், புது மாப்பிள்ளைக்குப் பாய் விரிக்கிற மாதிரி. கல், முள், பள்ளம் எல்லாம் வலது காலுக்கு. நாளைக்கு நானே என்னைச் சந்தேகப்பட்டுவிடக் கூடாது அல்லவா? பசையே ஜெயிக்கட்டும், ஆனால் நான் தோற்கடித்தேன் என்று இருக்கக் கூடாது. தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால், ஒரு கால் ஊனமான மனிதன் மலையேறுவதாகத் தெரிந்திருக்கும்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வழுக்குப்பாறை வந்தது. ஒரு பெரிய யானை படுத்துக் கிடக்கிற மாதிரி பாறை. அங்கங்கே கால் வைக்கச் சின்னச் சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். மேலே ஏதோ ஊற்று, பாறையின் பாதி ஈரம், பாதி கொதிக்கிற சூடு. நடுப்பாறையில் இருந்தபோது அந்த வாசனை வந்தது. தைலமர வாசனையோ புல் வாசனையோ இல்லை. பசை வாசனை. அந்த வாசனையை எந்த மலையில் வைத்தாலும் எனக்குத் தெரியும்.

அடுத்த அடியை எடுத்தேன். இடது காலை வைத்ததும் சோல் முன்பக்கம் வாயைப் பிளந்து, மடங்கி, அடியில் போய்விட்டது. சரிந்தேன். வயிறு பாறையில் தேய, கையில் அகப்பட்ட ஒரு புல் கொத்தைப் பிடித்தேன். வலது கால் ஒரு குழியில் மாட்டி நின்றது. அந்தப் பழைய தையல் ஷூ அந்தக் குழியை விடவே இல்லை. கீழே பார்க்கக் கூடாது என்று தெரியும், பார்த்தேன். பாறை முடிகிற இடம் தெரிந்தது, அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

பயந்துபோனேன். சும்மா பயம் இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி பயம். கஸ்தூரி, கஸ்தூரி என்று வாய் விட்டுக் கூப்பிட்டேன். மாங்காட்டு அம்மன் மேல் கோபம் கோபமாக வந்தது. பசை பிரிவதற்கு உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா தாயே?

ஒருவழியாகத் தவழ்ந்து பாறையின் விரிசலில் உட்கார்ந்தேன். திரும்பி இறங்க முடியாது. பிரிந்த சோலை இழுத்துக் கட்டினால்தான் மேலே போக முடியும். பையைக் கொட்டினேன். இட்லிப் பொட்டலம் கட்டிய நூல், பொட்டென்று அறுந்துபோனது. ஷூவின் நாடாவை உருவினால் ஷூவே காலில் நிற்காது. பையில் இருந்த இன்னொரு ஷூவும் உதவாது, அது வலது காலுக்கானது, அதிலும் அதே பசைதான். அப்போது கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிறு! கறுப்புக் கயிறு, நல்ல முறுக்கு. முடிச்சு அவிழவில்லை. நகவெட்டியால் நறுக்கினேன். ஷூவின் மூக்கைச் சுற்றி இரண்டு சுற்று, அடியில் குறுக்காக ஒரு சுற்று, மேலே முடிச்சு. வாயைப் பிளந்திருந்த ஷூ வாயை மூடிக்கொண்டது.

பாறையின் மீதியை உட்கார்ந்த வாக்கிலேயே ஏறினேன். மேலே சூலம் நின்றது. எலுமிச்சம்பழம் ஒன்று காய்ந்துபோய் அதில் குத்தியிருந்தது. சூலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேகம் கீழே போயிற்று. கொஞ்சம் விலகியபோது அடிவாரத்துச் சமவெளி தெரிந்தது, அதில் ஊர்கள், ஆறு, எல்லாம் சிந்திய அரிசி மாதிரி. என் மேட்டின் உச்சியிலிருந்து பக்கத்துக் கம்பெனி கேன்டீன் தெரியும். இங்கிருந்து எந்தக் கேன்டீனும் தெரியவில்லை. அடுத்த ஜோடியைக் கொடுத்து மறுபடி ஏறு என்று சொல்வதற்கும் ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். நன்றாக அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டேன், இட்லியைத் தின்றேன்.

பிறகு வேலை ஞாபகம் வந்தது. போட்டோ. போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து டைமர் வைத்தேன். கயிறு கட்டிய இடது காலைப் படத்தில் காட்ட எப்படி முடியும்? அதைப் பாறைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிச் சூலத்துக்குக் கீழே வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றேன். இடுப்பில் கயிறு இல்லாதது கைக்கு வித்தியாசமாகத் தெரிந்தது.

இறக்கத்தில் ஓடை குறுக்கே வந்தது. நனைந்ததும் கயிறு இன்னும் இறுகிக்கொண்டது. ரோட்டில் வேன் நின்றது, சத்தியம் செய்த மாதிரியே. பிரவீன் ஓடி வந்தார். என் கிழிந்த சட்டையையும் வயிற்றுச் சிராய்ப்பையும் காலில் கட்டிய கயிற்றையும் பார்த்தார்.

"அண்ணா, போட்டோ எடுத்தீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கப் போனேன். முதுகு தேய்க்க வந்த கஸ்தூரி என் இடுப்பைப் பார்த்தாள்.

"அர்ணாக்கவுறு எங்க?"

"ஷூல கீது."

நடந்ததைச் சொன்னேன். பசை பிரிந்தது என்று கேட்டதும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பாறையைச் சொன்னதும் கையிலிருந்த சொம்பு நழுவியது. "பொணத்துக்குத்தான்யா அத்த அறுப்பாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பசை பிரியணும்னு வேண்டிக்கினேனே, அதுக்குள்ள உன் காலு கீதுன்னு ஒரு நிமிசம் நெனச்சிப் பாக்கலியே மாமா!" ஈரத்தோடு என்னை இழுத்து உட்காரவைத்து, புதுக் கயிறு எடுத்து வந்து கட்டினாள். சாப்பாடு இறங்காத அளவுக்கு இறுக்கிக் கட்டினாள். இந்த வேண்டுதல் விஷயத்தில் அவளுக்கும் அம்மனுக்கும் பல நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கம்பெனியில் வரதன் சார் மேஜை மேல் இரண்டு ஷூவையும் வைத்தேன். இடது ஷூவைப் பேனா முனையால் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன கயிறு?"

"அரைஞாண் கயிறு சார்."

பேனாவைத் துடைத்துக்கொண்டார். "இந்தக் கால் பிரிஞ்சிருக்கு. சரி. அந்தக் கால் நல்லாத்தானே இருக்கு?"

"அது பழைய தையல் ஷூ சார். புதுசு இடது கால்ல மட்டும்தான் போட்டேன்."

"ரெண்டு கால்ல ஒரு கால் ஓகே. ஃபிஃப்டி பர்சன்ட் சக்சஸ். பாசிடிவா யோசிங்க ஏழுமலை." போனில் போட்டோவைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "பிரமாதம்! இதுதான் போஸ்டர்!"

ஒரே மாதத்தில் போஸ்டர் வந்தது. மேகம், சூலம், என் வலது கால். கீழே கொட்டை எழுத்தில் 'தையலே இல்லாத மலை ஷூ'. பெரிதாக்கிய படத்தில் இருந்த ஷூவைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தையல். பூந்தமல்லி ஹைரோட்டில் பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு நானும் கஸ்தூரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கம்பெனியில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கடைக்காரர்கள் கண்ணில் பட்டது. "போஸ்டர்ல இருக்கற ஷூவை அனுப்புங்க, வெள்ளைத் தையல் போட்டது. ஜனங்க அதைத்தான் கேக்கறாங்க" என்று பசை ஷூக்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

வரதன் சார் இரண்டு நாள் உருண்டு உருண்டு யோசித்தார். பிறகு தையல் பிரிவுக்கு வந்தார். நாற்காலி அங்கே போகாது, அன்றைக்குத்தான் அவர் நடந்ததைப் பார்த்தேன். பசையே ஷூவைப் பிடித்துக்கொள்ளுமாம். சும்மா பார்வைக்கு மட்டும் சோலைச் சுற்றி மேலாக ஒரு தையல் போட வேண்டுமாம். பெயர் 'அழகுத் தையல்'.

கஸ்தூரி மெஷினைக் காட்டினாள். "சார், இந்த மெஷினுக்கு சும்மா தைக்கத் தெரியாது. ஊசி எறங்குச்சின்னா அடி வரிக்கும் எறங்கும். மேலால தைக்கணும்னா வேற மெஷின் வாங்கணும்."

"புது மெஷினுக்கெல்லாம் சாங்ஷன் இல்லம்மா. இதுலயே பண்ணுங்க. ஆனா அழகா பண்ணுங்க."

அழகாகத்தான் பண்ணினார்கள். அடி வரைக்கும் ஊசி இறங்குகிற அழகு. ஒன்பது பேரும் இருந்தார்கள், ஒருவரும் ஃப்ரீ ஆகவில்லை. நான் மறுபடி மேட்டில் ஏறி இறங்கினேன். அந்த ஷூ பிரியவே இல்லை. எங்கிருந்தும் புகார் வரவில்லை. பசையின் புகழ் பரவியது. பசை கம்பெனிக்காரருக்கு விழா எடுத்துச் சால்வை போர்த்தினார்கள். வரதன் சார் பதவி உயர்வில் வடக்கே போனார். அங்கே இன்னும் பெரிய நாற்காலி என்று கேள்வி. சால்வை விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்த கஸ்தூரி என் காதில், "பசை நல்லாத்தான் கீது மாமா, நூலு புடிச்சிகினு கீற வரிக்கும்" என்றாள்.

இப்போது இரும்புக் கால் விழாவுக்கு வருகிறேன். புது மேனேஜர் நிவேதிதா மேடம் சின்ன வயது, நன்றாகவே நடக்கிறார். என்னை 'அங்கிள்' என்றார். ஐந்து நிமிடம் அனுபவத்தைப் பேசச் சொன்னார். நடந்தது நடந்தபடி சொன்னேன். இடது கால் பிரிந்தது, கயிறு கட்டியது, போஸ்டரில் இருப்பது தையல் ஷூ, இன்று வரை பிடித்துக்கொண்டிருப்பதும் தையல். ஒளிவு மறைவே இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "செம்ம காமெடி அங்கிள்" என்று ஒருவர் வந்து கை குலுக்கினார்.

பிறகு மேடம் பேசினார். இத்தனை வருடத்தில் ஒரு புகார்கூட வராத அளவுக்குப் பசை தன் தரத்தை நிரூபித்துவிட்டதாம். கண்ணாடி அறைக்குள் இரும்புக் காலும் தையல் இல்லாத ஷூவை ஒரு வாரமாக மிதித்துப் பார்த்து 'பாஸ்' என்று சொல்லிவிட்டதாம். வெயிலும் இல்லை, ஊற்றுத் தண்ணீரும் இல்லை, ஏசியில் அது பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? ஆகவே வெறும் அழகுக்காக எதற்குத் தையல், அடுத்த சீசனிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார். தையல் பிரிவில் இப்போது ஆறு பெண்கள். கஸ்தூரி கைபிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்கள். கடைசி வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மிக்சரை அப்படியே வைத்துவிட்டார்கள்.

விழா முடிந்ததும் மேடம் எங்களிடம் வந்தார்.

"அங்கிள், ஒரே ஒரு ஹெல்ப். ஷூவுல தையலை எடுத்தா போஸ்டரையும் மாத்தணும். கம்ப்யூட்டர்ல மலை போட்டுப் பாத்தோம், இது பொம்மை மலைன்னு டீலர்ஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க யாரைக் கேட்டாலும் முட்டி வலி, கல்யாணம்ங்கறாங்க. நீங்களே மறுபடி ஒரு தடவை அதே மலை ஏறி, தையல் இல்லாத ஷூவோட ஒரு போட்டோ... வேன், ரூம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம். புது போட்டோ வந்ததும் தையலை நிறுத்திடலாம். அதுவரைக்கும் பழையபடியே ஓடட்டும்."

நான் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஆசையாக இருந்தது. அந்தச் சூலம், கீழே போகிற மேகம், யாருமே இல்லாத அந்த உச்சி. ரிட்டயரான பிறகு வெள்ளானூரில் கறிகாய் வாங்க நடப்பதைத் தவிர என் காலுக்கு வேறு வேலை இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அங்கே நிற்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. பக்கத்தில் அந்த ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது.

அதற்குள் கஸ்தூரி கையிலிருந்த மிக்சர் தட்டை மேஜையில் வைத்தாள். ஒரு கை என் இடுப்புக்கு வந்து, சட்டைக்கு மேலேயே கயிறு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.

"இவரு வரமாட்டாரும்மா. புதுசா ஒரு காலு வாங்கிகீறீங்க இல்ல? அத்த அனுப்புங்க."

இரும்புக் கால் இன்னும் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. பழைய போஸ்டர்தான் கேட்டில் தொங்குகிறது. தையல் மெஷின் ஆறும் ஓடிக்கொண்டிருக்கின்றன.